ஈவ் ஆன்லைன்: விண்டோஸ், மேக், லினக்ஸ்னு மாத்தி மாத்தி ஆடறது எப்படி

விண்வெளியில கப்பல் ஓட்டற ஆன்லைன் கேம்தான் ஈவ் ஆன்லைன், அதை ஆடறவங்க வேற மெஷினுக்கு மாறும்போது முதல்ல பயப்படறது கப்பல் எல்லாம் போயிடுமோன்னுதான். போகாது. விண்டோஸ்ல ஆரம்பிச்ச ஆளை (கேரக்டரை) அப்படியே மேக்ல தொறக்கலாம், மறுநாள் லினக்ஸ்ல தொறக்கலாம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு மாத்திக்கிட்டே இருக்கலாம், ஒரு குண்டு கூட காணாமப் போகாது. ஆனா புது மெஷின்ல லாகின் பண்ணி விண்வெளிக்கு வந்ததும் கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி இருக்கும் பாருங்க, எது எங்க இருக்குன்னே தெரியாது, கை ஒரு கீயை அமுக்கும் அது வேற எதையோ பண்ணும், அதுக்குத்தான் இந்த கைடு. நான் மூணு மெஷின் வச்சுக்கிட்டு ரொம்ப நாளா இப்படி ஆடறேன், இந்தக் குழப்பத்துக்கே ரெண்டு மூணு நல்ல கப்பலை பலி குடுத்திருக்கேன்.

முதல்ல ஒரு விஷயம் மண்டையில ஏத்திக்கணும், மத்ததெல்லாம் அதுலேர்ந்து தானா புரிஞ்சுடும். இந்த கேம் 2003 மே 6ல வந்தது, ஐஸ்லாந்து ரெய்க்யவிக்ல இருக்கற சிசிபி கேம்ஸ் பண்ணது. மத்த ஆன்லைன் கேம் மாதிரி சர்வர் ஒண்ணு சர்வர் ரெண்டுன்னு அம்பது காப்பி கிடையாது, சீனாவுக்குன்னு தனியா இருக்கறதை விட்டுட்டா எல்லாருக்கும் ஒரே சர்வர்தான், பேரு டிரான்குவிலிட்டி, லண்டன்ல இருக்கு. 7,000த்துக்கும் மேல நட்சத்திர மண்டலம், அத்தனையும் அங்கதான். உங்க ஆள், ஸ்கில், கப்பல், இஸ்க் காசு, சேவ் பண்ண ஃபிட்டிங் (கப்பல்ல எதை எதை மாட்டணும்ங்கறது), புக்மார்க், மெயில், கார்ப்ல (ஆடறவங்க சேர்ந்து வச்சிருக்கற குழு) உங்க பதவி எல்லாமே அந்த சர்வர்லதான் உக்காந்திருக்கு. நீங்க எந்த மெஷின்லேர்ந்து போனாலும் அதே சாமான்தான்.

உங்க மெஷின்ல இருக்கறது மூக்குக் கண்ணாடி மட்டும்தான். அதாவது ஓவர்வியூ (சுத்தி என்னென்ன இருக்குன்னு காட்டற லிஸ்ட்) எப்படி இருக்கணும், எந்த ஜன்னல் ஸ்கிரீன்ல எந்த மூலைல இருக்கணும், எந்த கீ எதைப் பண்ணணும், எந்த சாட் சேனல் தொறந்திருக்கணும், கிராபிக்ஸ் எவ்வளவு, சவுண்ட் எவ்வளவு, இதெல்லாம் சர்வருக்குப் போகாது, உங்க ஹார்ட் டிஸ்க்லயே ஃபைலா கிடக்கும். அதனாலதான் வேற மெஷின்ல போய் உக்காந்தா அடுத்தவன் கண்ணாடியைப் போட்டுக்கிட்ட மாதிரி ஆகுது. மெஷின் மாத்தி ஆடறதுன்னா பாதி வேலை இந்தக் கண்ணாடியை எடுத்துக்கிட்டுப் போறதுதான், மீதி பாதி கை பழகறது.

சரி, இன்ஸ்டால் பண்றதுலேர்ந்து வருவோம்.

விண்டோஸ்ல சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல, லாஞ்சரை (கேமை இறக்கித் தொறந்து விடற புரோகிராம்) இறக்குங்க, லாகின் பண்ணுங்க, ஆடுங்க. விண்டோஸோட கிராபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸ் 11, 12 ரெண்டுல எதுல ஓடணும்னு லாஞ்சர் செட்டிங்ல கேக்கும், பழைய கிராபிக்ஸ் கார்டா இருந்து ஏதாச்சும் மினுக்மினுக்னு வந்துச்சுன்னா 11க்கு மாத்திப் பாருங்க.

மேக்கோட கதை கொஞ்சம் நீளம். 2007 நவம்பர்லயே மேக்குக்கும் லினக்ஸுக்கும் அதிகாரபூர்வமா கிளையண்ட் (நம்ம மெஷின்ல ஓடற கேம் புரோகிராம்) விட்டாங்க, ஆனா அது சொந்தமா எழுதினது இல்ல, டிரான்ஸ்கேமிங்னு ஒரு கம்பெனியோட மொழிபெயர்ப்பு லேயர் மேல விண்டோஸ் கிளையண்ட்டையே ஓட வச்சாங்க. லினக்ஸ் கிளையண்ட்டை 2009 மார்ச்ல நிறுத்திட்டாங்க. மேக் மட்டும் அந்த மாதிரி ஒட்டுப் போட்டே பல வருஷம் ஓடுச்சு, அப்புறம் 2021லதான் மேக்குக்குன்னே சொந்தமா, ஆப்பிளோட கிராபிக்ஸ் முறையான மெட்டல்ல ஓடற கிளையண்ட் வந்துச்சு. இதை ஏன் சொல்றேன்னா, நெட்ல தேடினா "மேக்ல ஈவ் ஆடாதே, வேஸ்ட்டு, சூடாகும், தொங்கும்"னு நூறு பேர் எழுதியிருப்பான், தேதியைப் பாருங்க, முக்கால்வாசி 2021க்கு முன்னாடி எழுதினதா இருக்கும். இப்போ அந்தப் பிரச்சனை கிடையாது. லாஞ்சரை இறக்கி அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர்ல போட்டுத் தொறந்தா வேலை முடிஞ்சுது. எம் வரிசை சிப் இருக்கற மேக்னா ஒரு கிளையண்ட் அலட்டிக்காம ஓடும், மெமரி 8 ஜிபிதான்னா ரெண்டு மூணு கிளையண்ட் தொறக்க ஆசைப்படாதீங்க, அவ்வளவுதான்.

லினக்ஸ்ல இப்போ அதிகாரபூர்வமா எதுவும் இல்ல, ஆனா நல்லாவே ஓடுது, அதுக்கு வழி ஸ்டீம்ங்கற கேம் கடை. ஸ்டீமை நடத்தற வால்வ் 2018 ஆகஸ்ட்ல புரோட்டான்னு ஒண்ணை ஸ்டீம்க்குள்ள வச்சாங்க இல்லையா, விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட வைக்கற வைன் மேல கட்டினது, டைரக்ட்எக்ஸ் கூப்பிடறதை எல்லாம் லினக்ஸ்ல ஓடற கிராபிக்ஸ் முறையான வல்கனுக்கு மாத்திக் குடுக்கும், அது வந்ததுக்கப்புறம் இதெல்லாம் சாதாரணமா ஆயிடுச்சு. ஸ்டீம் செட்டிங்ஸ்ல கம்பாட்டிபிலிட்டின்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க எல்லா கேமுக்கும் புரோட்டான் ஓடலாம்னு ஆப்ஷன் தெரிஞ்சா ஆன் பண்ணிட்டு ஈவை இன்ஸ்டால் பண்ணுங்க. என் அனுபவத்துல கேம் எப்பவும் ஓடிடும், லாஞ்சர்தான் மக்கர் பண்ணும், வெள்ளையா ஒரு ஜன்னல் வந்து அப்படியே நிக்கும், இல்ல லாகின் பக்கம் வராது. அப்போ உடனே எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க (நான் பண்ணேன், 20 ஜிபிக்கு மேல மறுபடி இறக்கினேன்), கேமோட ப்ராபர்ட்டீஸ்ல போய் வேற புரோட்டான் வெர்ஷனைத் தேர்ந்தெடுத்துப் பாருங்க, பெரும்பாலும் அதுலயே சரியாயிடும். டைரக்ட்எக்ஸ் 12ல கிராபிக்ஸ் கோளாறு வந்தா இங்கயும் 11தான் மருந்து. ஸ்டீம் வேணாங்கறவங்க லுட்ரிஸ்ங்கற இன்னொரு புரோகிராம் வழியாவும் பண்றாங்க, எனக்கு ஸ்டீமே போதும்னு தோணுச்சு.

ஸ்டீம்னு வந்ததால ஒரு எச்சரிக்கை. விண்டோஸ்ல நேரடியா லாஞ்சர்ல அக்கவுண்ட் தொறந்து ஆடியிருப்பீங்க, லினக்ஸ்ல ஸ்டீம் வழியா இன்ஸ்டால் பண்ணிட்டு அது "ஸ்டீம் மூலமா லாகின்"னு கேட்டதும் சரின்னு அமுக்கிடுவீங்க, உள்ள போனா புதுசா கேரக்டர் உருவாக்குன்னு பக்கம் வரும், நெஞ்சு அடைச்சுக்கும். ஒண்ணும் ஆகல, நீங்க வேற ஒரு அக்கவுண்ட்டுக்குள்ள நுழைஞ்சிருக்கீங்க. வெளிய வந்து பழைய யூசர் நேம் பாஸ்வேர்டு போட்டு நுழையுங்க, உங்க ஆளு அங்கயே இருப்பான். புது மெஷின்லேர்ந்து முதல் தடவை நுழையும்போது மெயிலுக்கோ ஆதென்டிகேட்டருக்கோ ஒரு கோட் கேக்கும், அதனால அந்த மெயில் பாஸ்வேர்டு கைல இருக்கட்டும், ஃப்ளீட் (கூட்டமாப் போற கப்பல் படை) கிளம்பற நேரத்துல மெயில் பாஸ்வேர்டை மறந்துட்டு முழிக்கறவங்களை நிறையப் பார்த்தாச்சு.

டவுன்லோடு பத்தி ஒண்ணு. லாஞ்சர் முதல்ல எல்லாத்தையும் இறக்காது, ஆட ஆட தேவைப்படறதை இறக்கிக்கும். நெட் நல்லா இருந்தா சௌகரியம்தான், ஆனா சண்டை நடுவுல நீங்க அதுவரைக்கும் பார்க்காத ஒரு கப்பல் வந்து குதிக்கும்போது அதோட உருவத்தை அப்போதான் இறக்கிக்கிட்டு இருக்கும், ஸ்கிரீன் திக்கும். அதனால லாஞ்சர்ல முழுசா டவுன்லோடு பண்ற ஆப்ஷனைக் குடுத்துட்டு ராத்திரி விட்டுடுங்க. எல்லா மெஷின்லயும் இதைப் பண்ணுங்க, ஒண்ணுல பண்ணிட்டு இன்னொண்ணுல மறந்துடறதுதான் வழக்கம்.

இப்போ கண்ணாடி விஷயம், இதுதான் முக்கியமான இடம்.

முதல்ல ஓவர்வியூ. ஈவ்ல கப்பலை யாரும் கண்ணால பார்த்து ஓட்டறது இல்ல, வலது பக்கம் இருக்கற அந்த லிஸ்ட்டைப் பார்த்துத்தான் ஓட்டறோம். எதிரி, அடுத்த மண்டலத்துக்குத் தாவற கேட், ஸ்டேஷன், டிரோன் எல்லாம் அதுலதான். புது மெஷின்ல அது பொறந்த குழந்தை மாதிரி ஒண்ணும் தெரியாம இருக்கும், நண்பனும் எதிரியும் ஒரே கலர்ல வருவாங்க. இதை எடுத்துக்கிட்டுப் போறதுக்கு கேம்லயே வழி இருக்கு. ஓவர்வியூ செட்டிங்ஸ் தொறந்து எக்ஸ்போர்ட் குடுத்தீங்கன்னா டாக்குமெண்ட்ஸ்ல ஈவ் ஃபோல்டருக்குள்ள ஓவர்வியூன்னு இருக்கற ஃபோல்டர்ல ஒரு யாம்ல் ஃபைல் வந்து விழும், அதை அடுத்த மெஷின்ல அதே இடத்துல போட்டு இம்போர்ட் குடுத்தா டேப், கலர், எதைக் காட்டணும் எதை மறைக்கணும் எல்லாம் வந்துடும். லினக்ஸ்ல மட்டும் உங்க டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைப் பார்த்து ஏமாறாதீங்க, புரோட்டான் தனக்குன்னு ஒரு குட்டி விண்டோஸை வச்சுக்கிட்டிருக்கும், ஸ்டீம்ஆப்ஸ் உள்ள கம்பேட்டேட்டா, அதுக்குள்ள 8500ன்னு ஒரு ஃபோல்டர், அதான் ஈவோட ஸ்டீம் நம்பர், அதுக்குள்ள இருக்கற டிரைவ் சி-ல தேடணும்.

ஃபைல் தூக்கிட்டு அலைய சோம்பேறித்தனமா இருந்தா இன்னொரு வழி. ஓவர்வியூ செட்டிங்ஸ் ஜன்னல்ல ப்ரொஃபைலை ஷேர் பண்றதுக்குன்னு ஒரு ஐகான் இருக்கும், அதைப் புடிச்சு இழுத்து ஒரு ஈவ் மெயில்ல (கேமுக்குள்ளயே இருக்கற மெயில்) போட்டு உங்களுக்கே அனுப்பிக்குங்க. மெயில் சர்வர்ல இருக்கு இல்லையா, அதனால எந்த மெஷின்லேர்ந்து போனாலும் அந்த மெயிலைத் தொறந்து லிங்கை அமுக்கினா ஓவர்வியூ வந்து உக்காந்துடும். கார்ப்ல புதுசா சேர்றவங்களுக்கு ஓவர்வியூ குடுக்கறதும் இப்படித்தான். வேற ஒருத்தர் வீட்ல உக்காந்து அவசரமா ஆடும்போது இது தெய்வம் மாதிரி.

ஆனா இதுல ஓவர்வியூ மட்டும்தான் வரும். ஜன்னல் இடம், ஷார்ட்கட் கீ, சாட் சேனல் எல்லாம் வரணும்னா செட்டிங் ஃபைலையே காப்பி பண்ணணும், பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்ல. விண்டோஸ்ல ஆப்டேட்டாவுக்குள்ள லோக்கல், அதுக்குள்ள சிசிபி, அதுக்குள்ள ஈவ். மேக்ல உங்க லைப்ரரி ஃபோல்டருக்குள்ள அப்ளிகேஷன் சப்போர்ட், அதுக்குள்ள சிசிபி. லினக்ஸ்ல மேல சொன்ன 8500க்குள்ள விண்டோஸ் மாதிரியே போகணும். உள்ள ஒரு நீளமான பேர்ல ஃபோல்டர், கடைசியில டிரான்குவிலிட்டின்னு முடியும், அதுக்குள்ள செட்டிங்ஸ் டீஃபால்ட்னு ஒண்ணு. லாஞ்சர்ல வேற ப்ரொஃபைல் உருவாக்கியிருந்தா அந்தப் பேர்லயும் ஒரு ஃபோல்டர் இருக்கும்.

அதுல கோர் யூசர்னு ஆரம்பிச்சு ஒரு நம்பரோட முடியற ஃபைல் உங்க அக்கவுண்ட்டுக்கு, கோர் கேர்னு ஆரம்பிக்கறது ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒண்ணு. அந்த நம்பரை சர்வர்தான் குடுத்திருக்கு, அதனால எந்த மெஷின்லயும் அதே நம்பர்தான் இருக்கும், பேரை மாத்தாம அப்படியே தூக்கிப் போட்டா போதும். எந்த நம்பர் எந்த கேரக்டர்னு தெரியலன்னா அந்த கேரக்டர்ல நுழைஞ்சு வெளிய வாங்க, எந்த ஃபைலோட நேரம் மாறியிருக்கோ அதுதான் அவன். இந்த ரெண்டு வகை ஃபைலை மட்டும் காப்பி பண்ணுங்க, பக்கத்துல இருக்கற ப்ரெஃப்ஸ், கோர் பப்ளிக் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போகாதீங்க, அதுல கிராபிக்ஸ், மானிட்டர்னு அந்தந்த மெஷினுக்குன்னு உள்ளது இருக்கும், கொண்டு போய்ப் போட்டா வேண்டாத வம்பு.

ரெண்டு விஷயம் மறக்கக் கூடாது. காப்பி பண்ணும்போது ரெண்டு மெஷின்லயும் கேம் மூடியிருக்கணும், ஏன்னா கேம் மூடும்போது தன்கிட்ட இருக்கற செட்டிங்கை ஃபைல்ல எழுதிட்டுத்தான் போகும், நீங்க தொறந்து வச்சுக்கிட்டே காப்பி பண்ணா கடைசியில பழசே மேல எழுதிடும், அரை மணி நேரம் உழைச்சது போச்சு. அப்புறம் பழைய ஃபைலை பேர் மாத்தி ஓரமா வச்சுக்குங்க. பெரிய மானிட்டர்லேர்ந்து சின்ன லேப்டாப்புக்குக் கொண்டு போனா சில ஜன்னல் ஸ்கிரீனுக்கு வெளிய ஒளிஞ்சிருக்கும், எஸ்கேப் மெனுல ரீசெட் செட்டிங்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, அங்க ஜன்னல் இடத்தை மட்டும் ரீசெட் பண்ணலாம். என்னைக் கேட்டா பெரிய ஸ்கிரீனுக்கு ஒரு ப்ரொஃபைல், சின்ன ஸ்கிரீனுக்கு ஒரு ப்ரொஃபைல்னு தனித்தனியா வச்சுக்கறதுதான் நிம்மதி, ஒரே கண்ணாடியை எல்லா மூக்குலயும் மாட்டப் பார்த்து அலுத்துப் போயிட்டேன்.

அடுத்து கீபோர்டு. கப்பலைப் பறிகொடுக்கறது இங்கதான்.

ஈவ்ல ஆயுதம் எல்லாம் எஃப்1லேர்ந்து எஃப்8 வரைக்கும், நடு வரிசை மாட்யூல் (கப்பல்ல மாட்டற கருவி) ஆல்ட் சேர்த்து, கீழ் வரிசை கன்ட்ரோல் சேர்த்து, இப்படித்தான் முதல்ல இருக்கும். டெஸ்க்டாப் கீபோர்டுல பழகின கைக்கு இது மூச்சு விடற மாதிரி. ஒரு நாள் லேப்டாப்பை எடுத்துக்கிட்டு லோ செக்ல (பாதுகாப்பு கம்மியான இடம்) போயிட்டேன், ஒருத்தன் வந்து புடிச்சுட்டான், நான் எஃப்1 அமுக்கறேன் அமுக்கறேன், ஸ்கிரீன் வெளிச்சம்தான் குறையுது. அவனுக்கு முன்னாடி நானே இருட்டாக்கிட்டேன். அந்த லேப்டாப்ல எஃப் வரிசை வெளிச்சத்துக்கும் சவுண்டுக்கும்னு இருந்ததைப் பார்க்காம கிளம்பினது என் தப்புதான், ஆனா கப்பல் போனது போனதுதான்.

அதனால மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ்ல கீபோர்டு பக்கம் போய் எஃப்1, எஃப்2 எல்லாத்தையும் சாதாரண ஃபங்ஷன் கீயா வச்சுக்கன்னு ஆன் பண்ணிடுங்க. அப்பவும் கன்ட்ரோலோட எஃப்2, எஃப்3 அமுக்கினா மேக் அதைத் தனக்குன்னு எடுத்துக்கிட்டு மெனு பாருக்கோ டாக்குக்கோ போயிடும், அதையும் ஷார்ட்கட் லிஸ்ட்ல அணைக்கணும். லினக்ஸ்ல பல டெஸ்க்டாப்ல ஆல்ட் எஃப்2 போட்டா கமாண்ட் ஓட்டற பெட்டி தொறக்கும், ஆல்ட் எஃப்4 போட்டா ஜன்னலையே மூடிடும், சண்டை நடுவுல நாலாவது மாட்யூலைப் போடப் போய் கேமையே மூடினா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்குங்க. சிஸ்டத்தோட ஒவ்வொண்ணா மல்லுக்கட்டறதை விட எஃப் வரிசையையே விட்டுட்டு எண் கீகளுக்கு மாத்திக்கறது சுலபம்னு எனக்குத் தோணிடுச்சு, ஆயுதம் 1, 2, 3ல, முக்கியமான நடு வரிசை ரெண்டு மூணு ஷிஃப்ட் சேர்த்து. எல்லா மெஷின்லயும் எண் கீ ஒரே இடத்துலதான் இருக்கும், எந்த சிஸ்டமும் அதைத் திருடாது. கோர் யூசர், கோர் கேர் ஃபைலைக் காப்பி பண்ணீங்கன்னா இதுவும் கூடவே வந்துடும்.

க்யூ புடிச்சுக்கிட்டு கிளிக் பண்ணா பக்கத்துல போ, டபிள்யூ சுத்தி வா, எஸ் வார்ப் (தூர இடத்துக்கு வேகமாப் பறக்கறது), டி ஸ்டேஷனுக்குள்ள டாக் இல்லன்னா கேட்ல தாவு, வி டைரக்ஷனல் ஸ்கேன் (அந்தத் திசையில என்ன இருக்குன்னு தேடறது), இந்த மாதிரி ஒத்தைக் கீ எல்லாம் எங்க போனாலும் தொல்லை குடுக்காது, அதுகளை நல்லாப் பழகி வச்சுக்குங்க. ரைட் கிளிக் மெனுலயே வண்டி ஓட்டறவங்க டிராக்பேட்ல ரொம்பக் கஷ்டப்படுவாங்க. சின்னதா ஒரு மவுஸ் வாங்கி பையில போட்டுக்கறது எவ்வளவோ மேல்.

மெஷின் மாறும்போது கப்பல் எங்க இருக்குன்னு பார்த்துக்கணும். டெஸ்க்டாப்ல ஆடிக்கிட்டிருக்கும்போதே லேப்டாப்ல லாகின் பண்ணா முதல்ல இருந்த இடத்துல தொடர்பு அறுந்துடும், ஒரே அக்கவுண்ட் ரெண்டு இடத்துல இருக்க முடியாது. அறுந்த அந்த நொடியிலயே கப்பல் மறைஞ்சுடும்னு நினைக்காதீங்க. சண்டை எதுவும் இல்லாம சும்மா நின்னுக்கிட்டிருந்தா கப்பல் தானா எங்கயோ வார்ப் ஆகி ஒரு நிமிஷம் போல இருந்துட்டு மறையும். கம்ப்யூட்டர் எதிரிகளோட சண்டை போட்டிருந்தா 5 நிமிஷம், ஆளோட சண்டை போட்டிருந்தா 15 நிமிஷம் விண்வெளியிலயே நிக்கும், தேடி வந்து அடிக்கத் தெரிஞ்சவனுக்கு அது தாராளமான நேரம். யாராச்சும் வார்ப் பண்ண விடாம புடிச்சு வச்சிருந்தா நகரக் கூட நகராது. வைஃபைலேர்ந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலோ நடுவுல விபிஎன் போட்டாலோ இதே கதைதான், கனெக்ஷன் மாறின உடனே வெளிய தள்ளிடும். அதனால ஸ்டேஷன்ல டாக் பண்ணிட்டு மாறுங்க. பக்கத்துல ஸ்டேஷன் இல்லாத இடமா இருந்தா சேஃப் லாகாஃப் பட்டனை அமுக்கி 30 நொடி காத்திருந்து அது தானா வெளிய விடற வரைக்கும் லேப்டாப்பை மூடாதீங்க.

ரெண்டு மெஷின்லயும் ஒரே நேரத்துல ரெண்டு ஆளை ஓட்டலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. காசு கட்டாத ஆல்ஃபா அக்கவுண்ட் 2016 நவம்பர்ல வந்துச்சு, அதுல ஒரு சமயத்துல ஒண்ணுதான் தொறக்கலாம், இன்னொரு ஆல்ஃபாவோ ஒமேகாவோ (காசு கட்டற அக்கவுண்ட்) கூட சேர்த்துத் தொறக்கக் கூடாது, வேற வேற மெஷின்ல தொறந்தாலும் அது விதி மீறல்தான். எல்லாமே ஒமேகான்னா எத்தனை வேணா தொறக்கலாம், கேம்ல சம்பாதிச்ச இஸ்க்கை வச்சே பிளெக்ஸ்ங்கற டோக்கன் வாங்கி 500 பிளெக்ஸுக்கு 30 நாள் ஒமேகா எடுக்கலாம், பலரும் அப்படித்தான் ரெண்டாவது ஆளை வச்சிருக்காங்க. ஆனா ஒரு தடவை கீ அமுக்கினா எல்லா கிளையண்ட்லயும் அமுங்கற மாதிரி சாஃப்ட்வேர் போடறது 2015 ஜனவரி 1லேர்ந்து தடை. ஒரே கீபோர்டு மவுஸை ரெண்டு கம்ப்யூட்டருக்குப் பகிர்ற சாஃப்ட்வேர் இருக்கு பாருங்க, அது ஒரு நேரத்துல ஒரு மெஷினுக்குத்தான் அனுப்பணும், ரெண்டுக்கும் சேர்ந்து அனுப்பற மாதிரி ஏதாச்சும் ஆப்ஷன் இருந்தா தொடாதீங்க.

வேற மெஷின்னா வேற ஸ்பீடு, அதனால நாம தோத்துடுவோமான்னு கவலைப்பட வேண்டாம். இந்த சர்வர் ஒரு நொடிக்கு ஒரு தடவைதான் கணக்குப் போடும், நீங்க குடுக்கற கட்டளை எல்லாம் அந்தந்த நொடியிலதான் நடக்கும், அதனால துப்பாக்கி கேம் மாதிரி பத்து மில்லிசெகண்ட் வித்தியாசத்துல செத்துப் போறது இங்க கிடையாது. பெரிய சண்டைல ஊர் கூடித் தேர் இழுக்கற மாதிரி ஆயிரக்கணக்குல ஆள் வந்துட்டா சர்வரே நேரத்தை மெதுவாக்கிடும், பத்துல ஒரு பங்கு வேகம் வரைக்கும் இறங்கும், அது எல்லாருக்கும் ஒரே அளவுதான், உங்க பழைய லேப்டாப்பைத் திட்டாதீங்க. 2014 ஜனவரி 27ல பி-ஆர்5ஆர்பிங்கற நட்சத்திர மண்டலத்துல நடந்த சண்டை இப்படி மெதுவாகி மெதுவாகியே ஏறக்குறைய 21 மணி நேரம் போச்சு, 75 டைட்டன் (ரொம்பப் பெரிய கப்பல் வகை) காலி. அந்த மாதிரி இடத்துல உங்க மெஷின் படம் வரையறதுக்குத்தான் திணறும், அப்போ கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9 போட்டா பின்னாடி இருக்கற முப்பரிமாண காட்சியே அணைஞ்சுடும், ஓவர்வியூவும் மாட்யூலும் மட்டும் இருக்கும், ஓட்டை லேப்டாப்ல கூட ஃப்ளீட்ல நிக்கலாம். அழகு போச்சுன்னு சொல்லுவாங்க, அவ்வளவு பெரிய சண்டைல யாரும் அழகு பார்க்கறது இல்ல.

பேச்சுக்கு டிஸ்கார்ட், மம்பிள்னு உங்க கார்ப் எதை வச்சிருக்கோ அது மூணு சிஸ்டத்துலயும் கிடைக்கும். சிக்கல் வர்றது புஷ் டு டாக்லதான் (கீயை அமுக்கிக்கிட்டுப் பேசறது), ஈவ் ஜன்னல் முன்னாடி இருக்கும்போது பின்னாடி இருக்கற மம்பிளுக்கு கீ போய்ச் சேராது. மேக்ல ப்ரைவசி செட்டிங்ல அந்த ஆப்புக்கு கீபோர்டைக் கவனிக்க அனுமதி குடுக்கணும், லினக்ஸ்ல வேலண்ட்ங்கற டிஸ்ப்ளே முறையில பல ஆப் இந்த விஷயத்துல தகராறு பண்ணும், லாகின் ஸ்கிரீன்ல பழைய முறையான எக்ஸ்11 செஷன் இருந்தா அதுல நுழைஞ்சு பாருங்க. ஃபிட்டிங் போட்டுப் பார்க்கற பைஃபா மூணுலயும் ஓடும், மேப் பார்க்கற டாட்லான், யார் யாரைக் கொன்னான்னு பார்க்கற இசட்கில்போர்டு எல்லாம் பிரவுசர்லயே இருக்கறதால கவலையே இல்ல.

போன்ல ஆடலாமான்னா, ஈவ் எக்கோஸ்னு 2020 ஆகஸ்ட்ல நெட்ஈஸ் கூட சேர்ந்து விட்டது இருக்கு, அது தனி உலகம், தனி சர்வர், உங்க கப்பல் எதுவும் அங்க வராது. வேற வேற கருவியிலேர்ந்து ஒரே உலகத்துல ஆடறதுன்னா அதுக்கு டஸ்ட் 514தான், 2013 மே மாசம் பிளேஸ்டேஷன் 3ல வந்துச்சு, அவங்க கிரகத்துல தரையில துப்பாக்கிச் சண்டை போடுவாங்க, ஈவ்ல இருக்கறவங்க மேலேர்ந்து அதே சண்டைல குண்டு போடலாம், ரெண்டும் ஒரே டிரான்குவிலிட்டில. 2016 மே மாசம் மூடிட்டாங்க. எனக்கு இன்னும் அதுல ஒரு வருத்தம் உண்டு.

தினமும் ஈவ் நேரம் 11:00 மணிக்கு, அதாவது யூடிசி நேரப்படி, சர்வர் கொஞ்ச நேரம் இறங்கி ஏறும், புது பேட்ச் வர்றதும் அப்போதான், மூணு சிஸ்டத்துக்கும் சேர்ந்தே வரும், பழைய கிளையண்ட்டோட உள்ள விடாது. ரெண்டு வாரமா தொடாத மெஷின்ல ஆடப் போறீங்கன்னா ஃப்ளீட் கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே லாஞ்சரைத் தொறந்து விட்டுடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் நல்ல கப்பல்ல ஏறிடாதீங்க. பாதுகாப்பு 0.9, 1.0ன்னு இருக்கற ஹை செக் சிஸ்டம்ல ஒரு ஸ்டேஷன்ல இருந்துக்கிட்டு சும்மா குடுக்கற கார்வெட்டை (சின்னக் கப்பல்) எடுங்க, உங்க ஆளோட இனம் கால்டாரின்னா ஐபிஸ், கலெண்டேன்னா வெலேட்டர், அமார்னா இம்பெய்ரர், மின்மட்டார்னா ரீப்பர். வெளிய வந்து ஓவர்வியூல கேட் தெரியுதா, வார்ப் ஆகுதா, குறி வைக்க முடியுதா, ஒவ்வொரு மாட்யூல் கீயும் அந்த மாட்யூலைத்தான் போடுதா, புஷ் டு டாக் அமுக்கினா மத்தவங்களுக்குக் கேக்குதான்னு ஒரு விண்கல்லை சுத்திக்கிட்டே பார்த்துடுங்க, பத்து நிமிஷம் கூட ஆகாது. எல்லாம் சரின்னா திரும்பி வந்து டாக் பண்ணி நல்ல கப்பலை எடுங்க, இன்சூரன்ஸ் போட்டுட்டு.